இருபத்தைந்தாவது பங்கு

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்குள் திருடன் வந்தால் நிம்மதியாகத் திருடிக்கொண்டு போகலாம். ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. இருபத்து நாலு வீட்டுப் பெண்களும் சர்ச் வராந்தாவில் பையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கிருபாவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முனியப்பன் தன் நிலத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய காய்கறி மூட்டைகளைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பாள்.

தராசு கிடையாது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து, நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அவளுடையது. எதைத் தொட்டாலும் எடை சொல்லும். கத்தரிக்காய் ஒரு கை, அவரை ஒரு கை, கீரை ஒரு கட்டு, தக்காளி எட்டு என்று குவியல் குவியலாகப் போட்டுக்கொண்டே போவாள். "எனக்கு மட்டும் சொத்தக் கத்தரிக்காவா வருதே" என்று யாராவது ஆரம்பித்தால், "புழுவே துன்னுதுன்னா மருந்தடிக்கலன்னு அர்த்தம், வாங்கிக்கினு போடி" என்று வாயை அடைத்துவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு மாசம்கூட ஓடியிருக்காது.

ஏற்பாடு இதுதான். வருஷ ஆரம்பத்தில், விதைக்கும் முன்பே, ஒவ்வொரு வீடும் தன் பங்குப் பணத்தை முனியப்பனிடம் கொடுத்துவிடும். அதன் பிறகு வருஷம் முழுக்க அவனுடைய இரண்டு ஏக்கரில் விளைவதெல்லாம் அந்த வீடுகளுக்கு. நன்றாக விளைந்தால் பை நிறையும். மழை ஏமாற்றினால் பாதிப் பை. ஏன் குறைந்தது என்று ஒருத்தரும் அவனைக் கேட்கக் கூடாது. நஷ்டத்திலும் நமக்குப் பங்கு உண்டு என்று கிருபாவதி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு இந்த யோசனை வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில். குடிபாலா பக்கத்து ஊரிலிருந்து தக்காளி கொண்டுவந்த ஒருவன், மார்க்கெட்டில் கேட்ட விலை வண்டி வாடகைக்கே காணாது என்று கூடை கூடையாக ரோட்டில் கொட்டிவிட்டுப் பக்கத்திலேயே குந்தி அழுதுகொண்டிருந்தான். அவன்தான் முனியப்பன். அவன் அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி. சர்க்கார் கொடுத்த பட்டாவில் இவன்தான் முதல் சொந்தக்காரன். அன்றைக்குக் காம்பவுண்டில் எத்தனை வீட்டில் வெறும் ரசச் சோறு என்று கிருபாவதிக்குத் தெரியும். நூல் மில்லை மூடியாகிவிட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் காசு அனுப்பினார்கள், மீதிப் பேர் காரணம் அனுப்பினார்கள். இங்கே தக்காளி அழுகுகிறது, அங்கே வயிறு காய்கிறது, நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் வந்தால் சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள்.

இருபத்து நாலு வீட்டுக்கு அவள் இருபத்தைந்து குவியல் போடுவாள். இருபத்தைந்தாவது, வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லாதவர்களுக்கு. அதை ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டு, சர்ச்சுக்குப் பின்புறம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். ஐந்து மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். ஆரம்பத்திலேயே ஆறு சரணம் உள்ள நீளமான பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாடவேண்டும். பாட்டு முடியும்வரை ஒருத்தரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அதற்குள் யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். யார் என்று தெரியக் கூடாது, தெரிந்துகொள்ள ஆசைப்படவும் கூடாது. இதுவும் கிருபாவதி போட்ட சட்டம். பாதிப் பேர் கண்ணை மூடிய சாக்கில் தூங்கினார்கள் என்றாலும், ஒருத்தரும் திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், இல்லாதவர்கள் என்று அவள் மனசில் நினைத்தது ஒரே ஒருவரைத்தான். தேவானந்தம்.

தேவானந்தம் நூல் மில்லில் டைம் கீப்பராக இருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் ஜாபேஸ் குவைத்தில் டிரைவர். முதல் வருஷம் அவரும் பங்கு சேர்ந்திருந்தார். இரண்டாம் வருஷம், "டாக்டர் எனக்குக் கீரையெல்லாம் வேணாம்னுட்டாரும்மா" என்று விலகிக்கொண்டார். கீரை வேண்டாம் என்று சொல்கிற டாக்டரைக் கிருபாவதி முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. மகனிடமிருந்து பணம் வருவது நின்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார். சட்டையின் மேல் பித்தானைக்கூடக் கழற்றாத மனிதர். அவருக்காகத்தான் அந்த ஆணியும், அந்தப் பையும், அந்த ஆறு சரணமும்.

அவர் விலகி ஒரு வருஷம் ஆகியும் பை ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை குவியல் போடும் நேரத்துக்குள், துவைத்து, நாலாக மடித்து, ஆணியில் தொங்கும். அந்த மடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கிருபாவதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். செய்தித்தாளைக்கூட நாலாக மடித்துத்தான் வைப்பார் தேவானந்தம். 'சாப்பிடறார், அது போதும்' என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷமும் மழை இல்லை. மூன்றாவது வருஷமாக இல்லை. பங்குப் பணமெல்லாம் போர்க் கிணற்றை ஆழப்படுத்துவதிலேயே போய்விட்டது என்று முனியப்பன் சொன்னான். மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. கத்தரிக்காய் நாலு, கீரை அரைக் கட்டு. "தண்ணி கம்மியாப் பூட்ச்சிம்மா" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்வான். "வுடு நைனா, நஷ்டத்திலயும் நாங்க பங்காளிதான்" என்று கிருபாவதி தேற்றுவாள். சொல்லிவிட்டு அவளுக்கே பெருமையாக இருக்கும். அவன் பெண்டாட்டி மல்லிகா ஒன்றும் பேச மாட்டாள். மூட்டையை உதறி மடித்து அவனிடம் கொடுத்து, "நீ பஸ்ஸுக்குப் போய்க்கினே இரு, நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பின்புறக் குழாய்க்குப் போவாள். ஒவ்வொரு வாரமும் போவாள். அவளுக்கு என்ன அவ்வளவு தாகம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

தேவானந்தம் மெலிந்துகொண்டே வந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று கிருபாவதி நினைத்தாள். ஒருநாள் மனசு கேட்காமல் குழம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசல்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

"இப்பத்தான் துன்னேன் கிருபா. வயிறு கல்லாட்டம் இருக்குது."

"ஒரு வாய் ருசி பாருண்ணா."

"வச்சா வீணாப் பூடும். நீயே எடுத்துக்கினு போ."

பின்னால் இருட்டாக இருந்த வீட்டிலிருந்து எந்தச் சமையல் வாசனையும் வரவில்லை. அதை அவள் மூக்கு கவனித்தது, புத்தி கவனிக்கவில்லை. பைதான் வாரா வாரம் போகிறதே. நாலாக மடித்துத் திரும்பி வருகிறதே. அவள் குழம்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஆகஸ்டு மாசம் ஒரு புதன்கிழமை காலை, தேவானந்தம் சர்ச் குழாயடியில் விழுந்து கிடந்தார். கூட்டம் சேர்வதற்குள் கிருபாவதி ஓடிப்போய்த் தன் பழக்கப்படி ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கீழே கொடுத்துத் தூக்கினாள். தூக்கியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பத்து வயசுப் பிள்ளையின் எடைதான் இருந்தது. அந்தக் கை பொய் சொல்லாது. சர்க்கரை இல்லை, காசம் இல்லை, இது வெறும் பட்டினி என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. இத்தனை மாசம் கண் எதிரில் நடமாடிய மனிதரை ஒரு தடவைகூடத் அவள் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவர் கண் திறந்தார். கிருபாவதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"வாரா வாரம் பை போச்சே அண்ணா. அத்த இன்னா பண்ணே? யாருக்குத் தூக்கிக் குடுத்தே?"

"நான் எடுக்கல கிருபா."

"உனக்குன்னுதானே அத்த மாட்டனேன்!"

"தெரியும்." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மொத வாரமே வந்தேன். வெக்கத்த வுட்டுட்டுத்தான் வந்தேன். எனக்கு மின்னாடியே ஒரு கை அத்த எடுத்துக்கினு இருந்துச்சி. அந்தக் கைக்கு என்னவிடப் பசி. திரும்பிக்கினு வந்துட்டேன்."

"யாரு கை?"

தேவானந்தம் லேசாகச் சிரித்தார். "பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீதானே?"

 வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தேவானந்தம் போய்விட்டார். டெலிபோன் பூத்திலிருந்து குவைத்துக்குப் போன் போட்டார்கள். ஜாபேஸ் அந்த வேலையை விட்டு ஐந்து மாசம் ஆகிறது, எங்கே இருக்கிறானோ என்றார்கள். காம்பவுண்டு ஆட்களே அடக்கம் பண்ணினார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் கனம் இல்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைச் சுத்தம் பண்ணப் போன கிருபாவதி அடுப்பைத் தடவிப் பார்த்தாள். சாம்பல்கூட இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. சாவு விழுந்த மறுநாள் என்றாலும் மூட்டை வந்துவிட்டது, கீரை காத்திருக்காது. கிருபாவதி வாயே திறக்காமல் பங்கு போட்டாள். இருபத்தைந்தாவது பையை வழக்கம்போல ஆணியில் மாட்டினாள். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து, பின்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். சுற்றிலும் எல்லாரும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

குழாயடியில் மல்லிகா நின்றிருந்தாள். ஆணியிலிருந்து பையைக் கழற்றி, முந்தானைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றித் தலையை நிமிர்த்தினாள். இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் மோதின.

 வாயைவிடக் கிருபாவதியின் மனசு முந்திக்கொண்டது. கொண்டுவந்து கொட்டுகிறவளே பின்னால் வந்து எடுத்துக்கொண்டு போகிறாளா, அடிப்பாவி, திருடி என்று நினைத்தது. நினைத்தது முகத்தில் வந்தது. அடுத்த நொடியே, அந்த முந்தானைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கழுத்தெலும்பையும் ஒட்டிப்போன கன்னத்தையும் பார்த்து, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மல்லிகா பையை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினாள். இரண்டாவது தடவைதான் அது ஆணியில் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். கிருபாவதி வெளியே ஓடி, கேட் வரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மூட்டை வரவில்லை. ஆறு மணி வரைக்கும் பெண்கள் வெறும் பையோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கிருபாவதி பஸ் ஏறினாள்.

மூன்று வருஷம் அந்த நிலத்துச் சோறு சாப்பிட்டிருக்கிறாள், அந்த ஊருக்கு அதுதான் முதல் தடவை. போகவேண்டும் என்று தோன்றியதே இல்லை. முனியப்பன் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் நிலத்தின் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு மஞ்சள் இயந்திரம் மண்ணை வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"செங்கல் சூளக்காரருக்கு மண்ணெடுக்க வுட்டுட்டாங்கம்மா. மேல்மண்ணு பூட்ச்சின்னா அப்பறம் அதுல புல்லுகூட மொளைக்காது. ரெண்டு பேரும் புள்ளைங்கள இட்டுக்கினு திருப்பதி பூட்டாங்க. கட்டட வேல."

முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு கத்தரிச் செடி வேரோடு தொங்கிக்கொண்டிருந்தது. கிருபாவதி அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். லாரிக்காரன் ஹார்ன் அடித்து அவளை ஒதுங்கச் சொன்னான்.

திருப்பதியில் அப்போது திரும்பின பக்கமெல்லாம் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையானைப் பார்க்க வருகிற கூட்டம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது; அவர்கள் படுத்து எழுந்திருக்க அறை வேண்டும். இரண்டு நாள் சுற்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐந்து மாடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் மல்லிகாவைக் கண்டுபிடித்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் கலவைச் சட்டி. கிருபாவதியைப் பார்த்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள், ஏதோ தப்புப் பண்ணியவளைப் போல.

"மல்லிகா, தப்பு என்னுதுதாம்மா. அன்னிக்கி நான் பாத்த பார்வ..."

"நீங்க ஒண்ணும் சொல்லலியேம்மா. பாத்தீங்க, அவ்ளோதான்."

"வூட்ல துன்ன இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"யாருகிட்ட சொல்றது? பணம் மின்னாடியே வாங்கிக்கினோம். வெளையறதெல்லாம் உங்களுதுன்னு பேச்சு. பேச்சு மாறக் கூடாதுன்னு அவரு ஒரு கத்தரிக்காகூட வூட்ல வெக்க வுட மாட்டாரு. கீழ உழுந்த தக்காளியக்கூடப் பொறுக்கி மூட்டயில போட்டுடுவாரு. புள்ளைங்க வெறும் களிக்கு உப்பத் தொட்டுக்கினு துன்னுச்சிங்க." மல்லிகா கையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "இல்லாதவங்க எடுத்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நாமளும் இல்லாதவங்கதானேன்னு எடுத்தேன். அவருக்குத் தெரியாது. பங்குல மிஞ்சினதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். அன்னிக்கி நீங்க பாத்தப்புறம் மறைக்க முடியல, சொல்லிட்டேன். தலயில அடிச்சிக்கினாரு. அந்த வாசல்ல இன்னமே எப்படிக் கால வெக்கறதுன்னு அழுதாரு. மறுநாளே சூளக்காரர இட்டுக்கினு வந்துட்டாரு."

 கிருபாவதிக்கு நாலாக மடித்த பை ஞாபகம் வந்தது. முதல் வாரம் பங்கு போட வரும்போது அந்தப் பையை நாலாக மடித்து, மல்லிகா கண் எதிரில் எடுத்துவந்தது கிருபாவதியேதான். அதைப் பார்த்து இந்தப் பெண்ணும் அப்படியே மடித்துத் திருப்பித் தந்திருக்கிறாள். அந்த மடிப்பை நம்பித்தான் அவள் ஒரு மனிதரைச் சாக விட்டாள்.

"அன்னிக்கி ஏம்மா அப்படிக் கோவமாப் பாத்தீங்க?" என்று மல்லிகா கேட்டாள். "அந்தப் பைய வேற யாருக்காச்சும் வெச்சிருந்தீங்களா?"

கிருபாவதி அவளைப் பார்த்தாள். சொன்னால் இந்தச் சட்டியோடு இன்னொரு சுமையும் இவள் தலையில் ஏறும். ஆயுசு முழுக்க இறங்காது.

"இல்லம்மா. யாருக்கும் இல்ல. உனக்குத்தான் வெச்சது" என்றாள்.

மல்லிகா அதை நம்பியதாகத் தெரியவில்லை. மேஸ்திரி மேலேயிருந்து தெலுங்கில் கத்தினான். அவள் குனிந்து சட்டியைத் தூக்கினாள். ஒரு படி ஏறிவிட்டு, குறையாகச் சொல்வதுபோலக்கூட இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"இருவத்தி நாலு வூட்டுக்கும் போட்டீங்க. இல்லாதவங்களுக்குன்னு ஒண்ணு போட்டீங்க. நட்டு, களையெடுத்து, தூக்கிக்கினு வந்தவங்க எதிர்லியேதான் நின்னுக்கினு இருந்தோம். எங்களுக்குன்னு ஒண்ணு போடணும்னு உங்க யாருக்கும் தோணலியேம்மா."

மேலே ஏறிப் போய்விட்டாள். கிருபாவதி மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். வருகிற போகிற ஜனம் ஏதோ வேண்டுதல் பலிக்காத கிழவி என்று நினைத்துக்கொண்டு போயிற்று.

சனிக்கிழமை சர்ச் வராந்தா காலியாகக் கிடந்தது. பெண்கள் சர்க்கார் காய்கறிச் சந்தையான ரைத்து பஜாருக்குப் போய்விட்டார்கள். முடிந்தவர்கள் வாங்கினார்கள், முடியாதவர்கள் விலை கேட்டுவிட்டு வந்தார்கள். கிருபாவதி தன் காசுக்கு வாங்கிய காய்கறியை வராந்தாவில் கொட்டி, கையாலேயே இரண்டு குவியல் போட்டாள். எடை தப்பவில்லை. ஒன்றை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். இன்னொன்றை, மல்லிகா வாரா வாரம் மூட்டை உதறிக்கொண்டு நின்ற தூணுக்குப் பக்கத்தில் அப்படியே விட்டாள்.

ஜெபத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். பாட்டைப் பாடித்தான் ஆகவேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். பாடுங்கள் என்றாள் கிருபாவதி. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் ஜன்னல் ஓரத்தில் நின்று, ஆறு சரணமும் முடிகிறவரைக்கும் கண்ணை இமைக்காமல் திறந்து வைத்திருந்தாள். பார்ப்பதற்குத்தான் ஒருவரும் வரவில்லை.